நீரிழிவுள்ள பூனைக்கு வைட்டமின்: எது தேவை, எது ஆபத்து

செட்டிநாட்டு வீடுகளில் முன்பெல்லாம் பூனை நெல்லுக்கும் பருப்புக்கும் காவல். சாமான் அறையில் எலி பிடித்துத் தின்றுவிட்டு வளவில் வெயில் காய்ந்த அந்தப் பூனைக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்புக் குறைவு. இன்று காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர் பக்கம் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, வயதானவர்களுக்குத் துணையாக வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைகள் பெருகிவிட்டன. கருத்தடை செய்யப்பட்டு, ஓடியாட வழியில்லாமல், சோறும் பாலும் உலர்தீவனமும் தின்று பருத்த பூனைக்கு எட்டு, பத்து வயதில் நீரிழிவு வருவது கால்நடை மருத்துவர்களுக்குப் பழகிய செய்தி.

அப்படிப்பட்ட பூனையின் பின்னங்கால்கள் தளர்ந்து, குதிங்கால் தரையில் படியத் தொடங்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. வீட்டிலுள்ள பெரியவரும் சர்க்கரை நோயாளி. கால் மதமதப்புக்கு அவர் ஒரு வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறார். அதில் பாதியைப் பூனைக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. பாதி வேண்டாம், கால் பங்கும் வேண்டாம். அந்த மாத்திரையில் பூனைக்குப் பயன்படக்கூடிய பொருள் ஒன்று இருப்பது உண்மை. பூனையின் கல்லீரலைக் கெடுக்கும் பொருளும் பெரும்பாலும் அதே மாத்திரையில் இருக்கிறது என்பதும் உண்மை. இரண்டையும் பிரித்துப் பார்க்க, பூனைக்கு வரும் நீரிழிவு எப்படிப்பட்டது, வைட்டமின்களைப் பூனையின் உடல் எப்படிக் கையாளுகிறது என்ற இரண்டிலிருந்தும் தொடங்க வேண்டும்.

பூனைக்கு வரும் சர்க்கரை நோய்

இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் செல்களுக்குள் நுழைவதற்குக் கணையத்தின் பீட்டா செல்கள் சுரக்கும் இன்சுலின் தேவை. பூனையின் நீரிழிவு பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது. முதலில் இன்சுலின் போதிய அளவு இருந்தும் அதன் வேலை நடப்பதில்லை. பிறகு, ஈடுகட்டுவதற்காக மிகையாகச் சுரந்த பீட்டா செல்கள் நலிந்து, அவற்றுக்கிடையே அமிலாய்டு என்ற புரதம் படிந்து, சுரப்பே குறைந்துவிடுகிறது. உடற்பருமன், நடுவயதைக் கடந்த நிலை, கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனையாக இருத்தல், அரிப்புக்கும் மூச்சிரைப்புக்கும் நீண்டநாள் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மருந்து, கணைய அழற்சி ஆகியவை இந்நோய்க்கு இட்டுச்செல்லும் காரணங்கள்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளில் பர்மியப் பூனை என்ற இனத்துக்கு நீரிழிவு மற்ற இனங்களைவிட அதிகம். பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திய ஊர்களில் இந்தப் பெயரைக் கேட்டதும் நம் வீட்டுப் பூனையையும் சேர்த்து எண்ணத் தோன்றலாம். அந்த இனமோ 1930 இல் பர்மாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு பூனையை முதலாகக் கொண்டு வளர்த்தெடுக்கப்பட்டது. நம் நாட்டுப் பூனைகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நம்மவற்றின் நோய்க்குக் காரணத்தைத் தேட வேண்டிய இடம் எடையும் உணவுத் தட்டும்தான்.

இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 250 முதல் 290 மி.கி. என்ற அளவைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் குளுக்கோஸைத் தடுத்து நிறுத்த முடிவதில்லை. அது சிறுநீரில் வெளியேறுகையில் நீரையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. அதனால் பூனை நிறைய மூத்திரம் பெய்கிறது, நிறையத் தண்ணீர் குடிக்கிறது, நிறையத் தின்றும் மெலிகிறது. ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிட வேண்டும்: பயந்த பூனைக்கு, கூடையில் அடைத்து ஆட்டோவில் கொண்டுபோன அச்சத்தாலேயே, சர்க்கரை 300 ஐத் தாண்டக்கூடும். எனவே ஒரே ஒரு இரத்த அளவை வைத்து நீரிழிவு என்று முடிவுகட்டுவதில்லை. கடந்த சில வாரங்களின் சராசரியைக் காட்டும் ஃபிரக்டோசமைன் என்ற சோதனையும், அச்சமில்லாத நேரத்தில் வீட்டில் பிடித்த சிறுநீரில் சர்க்கரை இருப்பதும் அந்த முடிவை உறுதிசெய்கின்றன. நோயே உறுதியாகாத பூனைக்கு வைட்டமின் தேடுவது வீண் அலைச்சல்.

பூனையின் உடல் மனித உடலைப் போன்றதன்று

பூனை இறைச்சியை நம்பியே வாழும் விலங்கு. பல்லாயிரம் தலைமுறைகளாக இரையின் உடலிலிருந்து ஆயத்தமாகவே சத்துகள் கிடைத்துவந்ததால், மற்ற விலங்குகள் தம் உடலிலேயே செய்துகொள்ளும் சில மாற்றங்களை அதன் உடல் செய்வதில்லை. வைட்டமின் பற்றிய முடிவுகள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

1. வைட்டமின் ஏ: நாம் காரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறோம். பூனையால் அது முடியாது. ஆயத்த நிலையிலுள்ள வைட்டமின் ஏ விலங்கு உணவிலிருந்தே வர வேண்டும்.

2. வைட்டமின் டி: வெயிலில் படுத்தாலும் பூனையின் தோல் இதைப் போதிய அளவு உண்டாக்குவதில்லை. இதுவும் உணவிலிருந்தே வர வேண்டும்.

3. நியாசின் என்ற பி3: டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து மனித உடல் ஓரளவு நியாசினைச் செய்துகொள்கிறது. பூனையின் உடலில் அந்த அமினோ அமிலம் வேறு வழியில் விரைவாகச் செலவாகிவிடுவதால் நியாசின் தேறுவதில்லை.

4. டவுரின்: இது வைட்டமின் அன்று, ஆனால் இதன் குறைபாடு பூனையின் கண்ணையும் இதயத்தையும் கெடுக்கும் என்பதால் சேர்த்தே நினைக்க வேண்டியது. தாவர உணவில் இது இல்லை.

5. வைட்டமின் சி: இங்கே நிலைமை தலைகீழ். நமக்கு உணவில் வேண்டிய இந்த வைட்டமினைப் பூனையின் கல்லீரல் குளுக்கோஸிலிருந்து தானே செய்துகொள்கிறது.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் தெரிகின்றன. சோறும் பாலும் மட்டும் உண்ணும் பூனைக்கு நீரிழிவு இல்லாவிட்டாலும் சத்துக்குறை உண்டாகும். முழுமையான, சமச்சீரான பூனைத் தீவனம் என்று உறையில் குறிக்கப்பட்ட உணவைப் போதிய அளவு உண்ணும் பூனைக்கோ மேற்சொன்ன சத்துகள் ஏற்கெனவே கணக்கிட்டுச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆகவே எந்த வைட்டமின் தேவை என்று கேட்பதற்கு முன், பூனை என்ன தின்கிறது என்று கேட்பதே முறை.

சிறுநீரோடு வைட்டமின் போய்விடுகிறதா?

பி தொகுதி வைட்டமின்கள் நீரில் கரைபவை. அடிக்கடி பெருமளவில் சிறுநீர் கழியும்போது அவை கூடுதலாக வெளியேறக்கூடும் என்பது சரியான சிந்தனைதான். அதற்காக நீரிழிவு உள்ள ஒவ்வொரு பூனைக்கும் பல்சத்து மாத்திரை தேவை என்ற முடிவுக்கு வர முடியாது. இன்சுலின் சரியாகப் பொருந்திச் சர்க்கரை இறங்கினால் அந்தச் சிறுநீர்ப் பெருக்கே நின்றுவிடுகிறது. நல்ல உணவு இழப்பை ஈடுசெய்துவிடுகிறது. உணவு உண்ண மறுத்து, வாந்தியும் நீரிழப்புமாக மருத்துவமனையில் சேர்க்கப்படும் பூனையின் நிலை வேறு. அதற்கு நரம்பு வழியே ஏற்றும் திரவத்தில் பி தொகுதி வைட்டமின்களை மருத்துவர் சேர்ப்பதுண்டு. அங்கே பொட்டாசியமும் பாஸ்பரஸும் வைட்டமினைவிட அவசரமானவை, அவற்றை வீட்டில் கொடுத்துச் சரிக்கட்டவும் முடியாது.

குரோமியம், வனேடியம் போன்ற தாதுக்கள் சர்க்கரையைக் குறைக்கும் என்ற விளம்பரங்களும் உண்டு. பூனைகளில் இவற்றுக்கு உறுதியான பலன் நிறுவப்படவில்லை; இன்சுலினுக்கு மாற்றாக இவற்றை நம்பி நாள் கடத்துவது உயிருக்கே கேடு.

பி12: காரணத்தோடு கொடுக்க வேண்டிய வைட்டமின்

நீரிழிவுப் பூனையின் வைட்டமின் பேச்சில் தனி இடம் பெற வேண்டியது கோபாலமின் எனப்படும் பி12 ஒன்றே. அதற்கான காரணம் நீரிழிவில் நேராக இல்லை. நீரிழிவோடு சேர்ந்து வரும் நோய்களில் இருக்கிறது.

உணவிலுள்ள பி12 குடலில் உறிஞ்சப்பட, அதனோடு பிணைந்து செல்லும் ஒரு துணைப் புரதம் வேண்டும். மனிதரில் அதை இரைப்பை சுரக்கிறது. பூனையில் அதைச் சுரப்பது கணையம். அந்தப் பிணைப்பு சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குச் சென்ற பிறகே இரத்தத்தில் சேர்கிறது. ஆகவே கணையம் கெட்டாலும் பி12 குறையும், குடல் கெட்டாலும் குறையும். நீரிழிவுள்ள பூனைகளில் பலவற்றுக்குக் கணைய அழற்சியும் நாள்பட்ட குடல் அழற்சியும் சேர்ந்தே இருப்பதால், இன்சுலின் கொடுத்தும் தேறாத, எடை ஏறாத, அவ்வப்போது வாந்தி எடுக்கிற பூனையில் இந்த வைட்டமினைச் சந்தேகிக்க நியாயம் உண்டு. மனிதரின் கல்லீரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான பி12 சேமிப்பு இருக்கும். பூனைக்கு அந்த வசதி இல்லை. ஆரோக்கியமான பூனையின் உடலிலுள்ள பி12 ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பாதியாகக் குறைகிறது. குடல் நோயுள்ள பூனையில் ஒரு வாரத்துக்குள்ளேயே பாதியாகிவிடுகிறது.

இங்கே மனிதருக்கும் பூனைக்கும் இடையே உள்ள இன்னொரு வேறுபாடும் விளங்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர்கள் பி12 எழுதுவதற்குப் பெரும் காரணம் மெட்ஃபார்மின். அந்த மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உண்பவர்களுக்குப் பி12 உறிஞ்சுதல் குறைகிறது. பூனைக்கு மெட்ஃபார்மின் வழக்கமான மருந்தே அன்று. ஆகவே பெரியவருக்கு எழுதப்பட்ட காரணம் பூனைக்குப் பொருந்தாது. பூனைக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

குறைபாடு உறுதியானால் கொடுக்கும் முறை நன்கு வகுக்கப்பட்டது. பெரும்பாலான பூனைகளுக்கு 250 மைக்ரோகிராம் என்ற அளவில், தோலுக்கடியில் வாரம் ஓர் ஊசியாக ஆறு வாரம், பிறகு ஒரு மாதம் கழித்து ஒன்று, அதன்பின் மறுசோதனை. வாய் வழியே நாளுக்கு 250 மைக்ரோகிராம் கொடுத்தாலும் இரத்த அளவு உயர்வதாக ஆய்வுகள் காட்டியுள்ளன; ஊசி போட மல்லுக்கட்டும் பூனைக்கு இது நல்ல வழி. ஏற்கெனவே நாளுக்கு இரண்டு வேளை இன்சுலின் ஊசி போடும் வீட்டில் வாரம் ஒரு கூடுதல் ஊசி பெரிய பாரமாகவும் இராது. பி12 மிகையானால் சிறுநீரில் வெளியேறிவிடுவதால் நஞ்சாகும் ஆபத்து மிகக் குறைவு. ஆய்வக வசதி கைக்கெட்டாத ஊர்களில் சில மருத்துவர்கள் சோதனைக்குக் காத்திராமல் சில வாரம் கொடுத்துப் பார்ப்பதற்கு இதுவே நியாயம். சோதிக்க முடியுமானால் முதல் ஊசிக்கு முன்பே இரத்தம் எடுத்துவிட வேண்டும். போட்ட பிறகு எடுத்தால் உண்மை அளவு தெரியாது. மனித ஆய்வகத்தின் அறிக்கையில் அச்சிட்டிருக்கும் இயல்பு அளவு பூனைக்கு உரியதன்று என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தரையில் படியும் குதிங்கால்

பூனை இயல்பாக விரல்களை ஊன்றி நடக்கும் விலங்கு. நீரிழிவுள்ள பூனைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று குதிங்காலும் தரையில் படிய, முயல் உட்கார்வதுபோலத் தாழ்ந்து நடக்கிறது. அலமாரி மேல் தாவிய பூனை திண்ணை ஏறவே தயங்கும். நீண்டநாள் உயர்ந்திருந்த சர்க்கரை நரம்பு இழைகளையும் அவற்றின் உறையையும் சிதைப்பதால் உண்டாகும் தளர்ச்சி இது.

இதற்கு மெத்தில்கோபாலமின் என்ற பி12 வகையைப் பூனை வளர்ப்போர் பலர் வாய் வழியே கொடுக்கிறார்கள். பலன் கிடைத்ததாகவும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. ஆயினும் அதே வாரங்களில் இன்சுலினும் தொடங்கியிருப்பார்கள், உணவையும் மாற்றியிருப்பார்கள். காலை நிமிர்த்தியது வைட்டமினா, சர்க்கரை இறங்கியதா என்று பிரித்துக் காட்டும் வலுவான ஆய்வு பூனைகளில் இல்லை. நரம்பைக் காக்கும் முதல் மருந்து சர்க்கரைக் கட்டுப்பாடே. மெத்தில்கோபாலமின் தீங்கு செய்யாத துணை. அதைக் கொடுப்பதென்றால் அது மட்டுமே உள்ள தயாரிப்பாக, இனிப்புப் பொருள் சேராததாக, மருத்துவர் சொன்ன அளவில் இருக்க வேண்டும். மீட்சிக்கு வாரங்களும், சில பூனைகளுக்கு மாதங்களும் பிடிக்கும். சிலவற்றுக்குத் தளர்ச்சி முழுதும் நீங்குவதில்லை.

வீட்டு மருந்துப் பெட்டியில் இருப்பவை

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது திரும்பலாம். கால் மதமதப்புக்கு நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் மாத்திரைகளில் மெத்தில்கோபாலமின் தனியாக வருவது குறைவு. ஆல்ஃபா லிபோயிக் அமிலம், ஃபோலிக் அமிலம், பி6 முதலியவை ஒரே மாத்திரையில் கலந்திருப்பதே பொதுவழக்கம்.

1. ஆல்ஃபா லிபோயிக் அமிலம்: மனிதர், நாய், எலி ஆகியவற்றைவிடப் பூனைக்கு இது ஏறத்தாழ 10 மடங்கு நஞ்சு என்று 2004 இல் வெளியான ஆய்வு காட்டியது. உடல் எடையில் கிலோவுக்கு 30 மி.கி. கொடுத்தபோதே பூனைகளின் கல்லீரல் செல்கள் பாதிக்கப்பட்டன. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாத்திரையில் பொதுவாக 100 மி.கி. இருக்கிறது. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு மாத்திரை கொடுத்தால் கிலோவுக்கு 25 மி.கி. ஆகிறது, அதாவது, கேடு கண்ணுக்குத் தெரிந்த அளவின் விளிம்பு. பாதி மாத்திரையை நாள்தோறும் கொடுப்பது பாதுகாப்பானது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. மிகை எச்சில், வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு ஆகியவை இதன் நச்சுக் குறிகள். அவற்றைச் சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறி என்றே வீட்டார் தவறாக எண்ணிவிடக்கூடும் என்பது என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது.

2. பிரிகாபலின், நார்டிரிப்டிலின் கலந்த மாத்திரை: நரம்பு வலிக்கு எழுதப்படும் சில மாத்திரைகளில் பி12 உடன் வைட்டமின் அல்லாத இந்த மருந்துகளும் இருக்கும். உறையின் முன்புறத்தில் பெரிய எழுத்திலுள்ள வணிகப் பெயரைக் கொண்டு இதை அறிய முடியாது. பின்புறத்திலுள்ள சேர்மானத்தைப் படிக்க வேண்டும்.

3. வைட்டமின் டி 60,000 அலகு: வாரம் ஒன்று என்று எழுதப்படும் இந்த மாத்திரையோ பொடியோ அலமாரியில் இல்லாத வீடு இன்று குறைவு. 60,000 அலகு என்பது 1.5 மி.கி. 4 கிலோ பூனைக்கு அது கிலோவுக்கு ஏறத்தாழ 0.37 மி.கி. ஆகிறது. கிலோவுக்கு 0.1 மி.கி. அளவிலேயே நச்சுக்குறிகள் தொடங்கலாம். இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தில் படிகிறது. சிலவகை எலி மருந்துகள் இதே பொருளைக் கொண்டுதான் எலியைக் கொல்கின்றன.

4. மீன் ஈரல் எண்ணெய்க் குளிகை: ஈரல் எண்ணெயில் ஏ, டி இரண்டும் செறிந்திருக்கின்றன. இவை கொழுப்பில் கரைந்து உடலில் தங்குபவை. ஈரல் எண்ணெயும் சாதாரண மீன் எண்ணெயும் வேறு வேறு.

5. பி காம்ப்ளக்ஸ் சிரப்: சர்க்கரைப் பாகில் செய்யப்பட்டது என்பதே நீரிழிவுப் பூனைக்கு இதைத் தவிர்க்கப் போதுமான காரணம். சில சிரப்களில் கரைப்பானாகச் சேரும் புரோப்பிலீன் கிளைக்கால் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பது. பூனைத் தீவனத்தில் அதைச் சேர்க்க அமெரிக்கா 1996 இல் தடை விதித்தது.

6. இரும்பும் துத்தநாகமும் கலந்த பல்சத்து மாத்திரை: இரண்டுமே பூனையின் சிறு உடலுக்கு எளிதில் மிகையாகிவிடும்.

சோதனைகளைக் குழப்பும் வைட்டமின்கள்

நஞ்சு என்ற அளவுக்குப் போகாவிட்டாலும், சில வைட்டமின்கள் நாம் எடுக்கும் அளவுகளைப் பொய்யாக்கிவிடுகின்றன. நீரிழிவுப் பூனையின் இன்சுலின் அளவே அந்த எண்களை நம்பித்தான் தீர்மானிக்கப்படுகிறது என்பதால் இது சிறிய விஷயம் அன்று.

வீட்டிலுள்ள குளுக்கோமீட்டர் ஒரு மின்வேதியியல் கருவி. பட்டையில் பூசியுள்ள நொதி இரத்தத்திலுள்ள குளுக்கோஸை ஆக்சிகரணம் செய்கிறது. அப்போது விடுபடும் எலக்ட்ரான்கள் மின்னோட்டமாகின்றன. அந்த மின்னோட்டத்தையே கருவி சர்க்கரை அளவாக எழுதிக் காட்டுகிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் கொடுக்க, 1948 இல் அடிக்கல் நாட்டி 1953 இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கும் காரைக்குடியில் இந்த இயல் பலருக்கு அறிமுகமானதுதான். வைட்டமின் சி யும் எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் பொருள். இரத்தத்தில் அது மிகுந்திருந்தால் சில வகைப் பட்டைகளில் அதன் மின்னோட்டமும் சேர்ந்து, இல்லாத சர்க்கரை இருப்பதாகத் தெரியும். சிறுநீர்ச் சோதனைப் பட்டையிலோ நேர்மாறு: நிறமாற்றத்தை வைட்டமின் சி தடுப்பதால், இருக்கும் சர்க்கரை இல்லாததாகத் தெரியும். தானே இந்த வைட்டமினைச் செய்துகொள்ளும் பூனைக்கு அதை வெளியிலிருந்து கொடுத்து இந்தக் குழப்பத்தை வரவழைக்கத் தேவையில்லை.

முடி கொட்டுகிறது, மேனி மங்கிவிட்டது என்று பயோட்டின் கொடுப்போரும் உண்டு. மிகை அளவிலான பயோட்டின் சில ஆய்வகக் கருவிகளில் தைராய்டுச் சோதனை முடிவைப் பிறழச் செய்யும். வயதான பூனை நிறையத் தின்றும் மெலிகிறது என்றால் நீரிழிவைப் போலவே தைராய்டு மிகையையும் சந்தேகிக்க வேண்டும். அந்தச் சோதனை கெட்டுப்போனால் உண்மை நோய் மறைந்துவிடும்.

மனிதருக்கான குளுக்கோமீட்டர் பூனையின் இரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மனித இரத்தத்தில் குளுக்கோஸின் கணிசமான பங்கு சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. பூனையிலோ ஏறத்தாழ எல்லாம் பிளாஸ்மாவில். கருவியின் கணக்கு மனிதருக்கானது.

உணவுத் தட்டிலேயே நிகழும் குறையும் மிகையும்

நீரிழிவுப் பூனைக்கான உணவில் மொத்த ஆற்றலில் மாவுச்சத்தின் பங்கு 12 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்பது இன்றைய மருத்துவப் பரிந்துரை. சோறு, இட்லி, பிஸ்கட் ஆகியவை அந்தக் கணக்கில் நிற்கா; உலர்தீவனம் பலவும் நிற்காது. புரதம் மிகுந்த ஈரத்தீவனத்துக்கு மாறி, இன்சுலினும் விரைவில் தொடங்கிய பூனைகளில் கணிசமானவை முதல் ஆறு மாதங்களுக்குள் இன்சுலின் தேவையற்ற நிலைக்குத் திரும்புகின்றன. எந்த வைட்டமினும் இதற்கு ஈடாகாது.

மாவைக் குறைப்பதற்காக வெறும் மீனுக்கோ ஈரலுக்கோ மாறும்போது புதிய சிக்கல்கள் தோன்றுகின்றன. கண்மாயில் பிடிபடும் கெண்டை, கடற்கரையிலிருந்து வரும் நெத்திலி போன்ற சில மீன்களில், பச்சையாக இருக்கும்போது, தையமின் என்ற பி1 ஐ அழிக்கும் நொதி உண்டு. வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். பச்சை மீனே உணவாக நாள்தோறும் தின்னும் பூனைக்குத் தலை மார்பை நோக்கித் தொங்கி, கண்மணி விரிந்து, வலிப்பு வரும். நீரிழிவுப் பூனையில் தலை தொங்குவதற்குப் பொட்டாசியக் குறைவும் ஒரு காரணம். ஆகவே தலை தொங்கியதைக் கண்டதும் வீட்டு வைத்தியம் எதுவும் செய்யாமல் இரத்தச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மத்தி, சூரை போன்ற எண்ணெய் மிகுந்த மீன்களையே கொடுத்துவந்தால் வைட்டமின் ஈ செலவழிந்து, உடல் கொழுப்பு அழற்சியுற்று, தொட்டாலே பூனை வலியில் கத்தும். ஆட்டீரலையோ கோழியீரலையோ முதன்மை உணவாக மாதக்கணக்கில் கொடுத்தால் வைட்டமின் ஏ மிகையாகிக் கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கழுத்தைத் திருப்பி மேனியை நக்கிச் சுத்தம் செய்ய முடியாத பூனை அழுக்கோடு முடங்குகிறது. வாரத்தில் ஓரிரு முறை சிறு துண்டு ஈரல் என்பது வேறு. ஈரலே சாப்பாடு என்பது வேறு.

செட்டிநாட்டுச் சமையலின் உயிர் சின்ன வெங்காயமும் பூண்டும். பூனைக்கு இரண்டும் நஞ்சு. கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கத் தொடங்கும். 4 கிலோ பூனைக்கு அது 20 கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். பூண்டு இதைவிட வலியது. வதக்கினாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. நீரிழிவுள்ள பூனைகளின் சிவப்பணுக்களில் இவ்வகைச் சிதைவு ஏற்கெனவே மிகுந்திருப்பதால், மற்ற பூனை தாங்கும் அளவை இது தாங்காது. மீன் குழம்பில் கிடந்த துண்டை அலசிக் கொடுப்பதைவிட, தாளிக்கும் முன்பே உப்பில்லாமல் ஒரு துண்டை வேகவைத்து எடுத்துவைப்பது நல்லது. பூண்டு சர்க்கரையைக் குறைக்கும் என்று எண்ணிப் பூனைக்குக் கொடுப்பதை அறவே விட்டுவிட வேண்டும்.

தொடங்கும் முறை

1. உண்ணும் உணவு, அதன் அளவு, கொடுத்துவரும் மாத்திரைகள், எடை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாத்திரை உறைகளையே எடுத்துச் செல்வது இன்னும் நல்லது.

2. வாந்தி, வயிற்றுப்போக்கு, எடை ஏறாமை இருந்தால் பி12, ஃபோலேட், கணையச் சோதனைகள் இயலுமா என்று கேட்கலாம். உள்ளூரில் வசதி இல்லாவிட்டால், ஒரத்தநாட்டிலோ சென்னை வேப்பேரியிலோ உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு மருத்துவர் பரிந்துரைக் கடிதம் கொடுக்க முடியும்.

3. புதிய உணவு, புதிய இன்சுலின் அளவு, புதிய வைட்டமின் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் தொடங்கக் கூடாது. எது என்ன செய்தது என்று பிறகு சொல்ல முடியாது.

4. இன்சுலின் குப்பியிலும் சிரிஞ்சிலும் ஒரே எண் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பார்க்க வேண்டும். நம் கடைகளில் மில்லிலிட்டருக்கு 40 அலகு, 100 அலகு என இரண்டு வகையும் கிடைக்கின்றன. 100 அலகு இன்சுலினை 40 அலகு சிரிஞ்சில் கோடு பார்த்து எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். வைட்டமின் தொடர்பான எல்லாத் தவறுகளையும்விட இது விரைந்து கொல்வது.

5. மாவுச்சத்தைக் குறைத்ததும் இன்சுலின் தேவை சில நாட்களிலேயே சரியக்கூடும். பழைய அளவையே தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து பூனை தள்ளாடும், பிதற்றியதுபோல் கத்தும், வலிப்பு வந்து விழும். வைட்டமின் போதவில்லை என்று எண்ணி அப்போது மாத்திரையைத் தேடக் கூடாது. விழுங்கும் நிலையில் இருந்தால் உணவு கொடுக்க வேண்டும்; இல்லையெனில் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலில் தொட்டு ஈறில் தடவிவிட்டு, அடுத்த இன்சுலின் ஊசியை நிறுத்திவைத்து, உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டும்.